காதைத் திறக்கும் முன்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, உறவினர்களில் யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "டாக்டரம்மா, ஆபரேஷன் நீங்கதானே செய்வீங்க? படிக்கிற பிள்ளைங்க கை வைக்க மாட்டாங்களே?" அரசு மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைத் துறையில் பாடம் நடத்தும் எனக்கு இது பழகிய கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. தான் பெற்ற பிள்ளையின் காதைத் திறக்கப் போவது யார் என்று கேட்க ஒரு தாய்க்கு முழு உரிமை இருக்கிறது.

"நான் பக்கத்திலேயே இருப்பேன்மா" என்று சொல்லுவேன். அது உண்மை. ஆனால் அது பாதிப் பதில்தான். அந்தப் படிக்கிற பிள்ளையின் கை நோயாளியிடம் வருவதற்கு முன்னால் எங்கெல்லாம் பழகியிருக்கிறது, எங்கெல்லாம் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் மீதிப் பாதி. வார்டு வாசலில் நின்று அதைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டம் வாங்கியபின் ஒரு பள்ளி

எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. தேர்வு எழுதி, கலந்தாய்வில் இடம் கிடைத்தவர்கள் எங்களிடம் வருகிறார்கள். எம்.எஸ். இ.என்.டி. படிப்பு 3 ஆண்டு. முன்பெல்லாம் டி.எல்.ஓ. என்ற 2 ஆண்டு டிப்ளமோ படிப்பும் பல கல்லூரிகளில் இருந்தது. ஊர்ப்பக்கம் இன்றும் அந்தப் பட்டத்தைப் பெயர்ப் பலகையில் பார்க்கலாம். மருத்துவமனையில் இவர்களை பி.ஜி. என்போம். நோயாளிகளுக்கு இவர்கள் 'சின்ன டாக்டர்'.

அறுவை மருத்துவர்களை இப்படி மருத்துவமனையிலேயே தங்கவைத்து, பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பயிற்றுவிக்கும் முறைக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்ட பிறகு அங்கே அவர் கட்டிய முறைதான் இன்று உலகம் முழுக்க வெவ்வேறு வடிவங்களில் நடக்கிறது. அமெரிக்காவில் இதே துறைக்கு 5 ஆண்டு. நம்மிடம் 3 ஆண்டு. ஆனால் நம் பி.ஜி. ஒரு காலை ஓ.பி.யில் பார்க்கும் கூட்டம் எந்த நாட்டிலும் எளிதாகக் கிடைக்காத பாடம்.

ஒவ்வொரு பி.ஜி.யும் லாக் புக் ஒன்றைப் பராமரிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எதிரே நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன். கையெழுத்துப் போடும் தாய் கேட்கும் கேள்விக்கான அதிகாரபூர்வமான பதில் இந்த நான்கு படிகள்தாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஒருவரை எப்போது ஏற்றலாம் என்று தீர்மானிப்பதுதான் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வேலையிலேயே கடினமான வேலை.

வெளிச்சத்தைப் பிடிக்கப் பழகுதல்

முதல் ஆண்டு பி.ஜி.க்குக் கத்தி கிடையாது. ஒரு கண்ணாடி உண்டு. நடுவில் துளையிட்ட குழியாடியை நெற்றியில் கட்டி, ஒரு கண் முன்னால் இறக்கி, நோயாளியின் தோளுக்கு மேலே எரியும் விளக்கின் ஒளியை அதில் வாங்கிக் காதுக்குள் செலுத்த வேண்டும். ஒளி குவிவது சுமார் 25 செ.மீ. தூரத்தில். தலை சற்று நகர்ந்தாலும் வெளிச்சம் நோயாளியின் கன்னத்துக்குப் போய்விடும். எல்.இ.டி. ஹெட்லைட்டும் எண்டோஸ்கோப்பும் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மின்சாரத்தையும் கருவியையும் நம்பமுடியாத ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாளை அவர்கள் தனியாக நிற்பார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் துறையின் உறுப்புகள் எல்லாமே இருட்டுப் பொந்துகள். கழுத்தை அசைக்காமல், கையை அசைக்காமல், ஒரே இடத்தில் வெளிச்சத்தை நிறுத்தப் பழகிய உடம்புதான் பின்னால் மைக்ராஸ்கோப்பின் கீழ் நிலையாக உட்காரும்.

குரல்நாண்களைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி. ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடாக்கி, சூடு அதிகமில்லையே என்று தன் புறங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, நாக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் கொண்டுபோக வேண்டும். இதற்கு வழிகாட்டியவர் மருத்துவரே அல்ல. மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார். 1854இல் பாரிசில், பல் மருத்துவரின் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். தன் உடம்பில் தானே பழகிய அந்த மனிதரை நான் முதல் வகுப்பிலேயே அறிமுகம் செய்துவிடுவேன். பிறகு பி.ஜி.க்களை ஒருவர் தொண்டையை ஒருவர் பார்க்கச் சொல்லுவேன். குமட்டல் என்றால் என்ன என்று தெரிந்த கைதான் நோயாளியின் நாக்கை மெதுவாகப் பிடிக்கும்.

ஓ.பி.யில் தினமும் வருவது: காதில் சீழ், குறும்பி அடைப்பு, சில்லுமூக்கு உடைந்து ரத்தம், கிறுகிறுப்பு, வாரக்கணக்கில் கம்மிய குரல். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டவர்கள், கோழி இறகாலும் ஊக்காலும் குடைந்தவர்கள். "எத்தனை நாளா சீழ் வடியுது?" என்று கேட்டால் "சின்ன வயசிலேர்ந்தே வடியுது" என்பார்கள், அது ஒரு நோயே இல்லை என்பதுபோல. அந்தச் சீழில் துர்நாற்றம் இருக்கிறதா என்று மோந்து பார்க்கவும் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொடுக்கிறோம். செவிப்பறைக்குப் பின்னால் தோல் தவறாக வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டே போகும் கொலஸ்டியடோமா என்ற நோய்க்கு அந்த நாற்றம் ஓர் அடையாளம். அதை விட்டுவிட்டால் அரிப்பு மூளை வரைக்கும் போகும்.

இரவுப் பணி

எங்கள் துறையை 'அவசரம் இல்லாத துறை' என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. முதல் இரவுப் பணியிலேயே அந்த எண்ணம் போய்விடும். மூக்கில் புளியங்கொட்டை, தொண்டையில் மீன் முள், மூச்சுக்குழலில் வேர்க்கடலை. இவற்றில் எனக்கு எப்போதும் நெஞ்சு பதறுவது பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரிக்குத்தான். ஈரமான சதையில் ஒட்டியதும் அதன் மின்னோட்டம் காரத்தை உண்டாக்கும். உணவுக்குழாயில் மாட்டினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண் ஏற்படலாம். அதற்குக் காலை வரை காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. வீட்டில் சிறு குழந்தை இருக்கிறவர்கள் இந்த ஒரு வரியையாவது நினைவில் வையுங்கள்.

மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டு அந்நியப் பொருளை முதன்முதலில் எடுத்தவர் குஸ்டாவ் கிலியான். 1897இல், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில், ஒரு விவசாயியின் நுரையீரல் குழலில் சிக்கிய பன்றி எலும்பு அது. அவருக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவில் செவாலியர் ஜாக்சன் அந்தக் கலையை வளர்த்தார். தன் வாழ்நாளில் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை அவர் பாதுகாத்து வைத்தார். ஊக்கு, பொத்தான், ஆணி என அவை இன்றும் அந்நகரின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் ஜாக்சனிடம் என் பி.ஜி.க்கள் கற்க வேண்டியது அந்த எண்ணிக்கையை அல்ல. ரப்பர் குழாய்க்குள் பொருளை வைத்து, அதை எந்த இடுக்கியால் எப்படிப் பிடிப்பது என்று பழகிப் பார்த்துவிட்டு நோயாளியிடம் போகும் அவருடைய பழக்கத்தை. எங்கள் தியேட்டரிலும் அதைச் செய்கிறோம். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், வேர்க்கடலை என்றால் ஒரு வேர்க்கடலையை வெளியே குழாய்க்குள் போட்டு, அது நொறுங்காமல் வருகிறதா என்று பி.ஜி. பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூச்சு திணறி வருகிறவருக்குக் கழுத்தில் துளையிடும் டிரக்கியாஸ்டமியும் அப்படித்தான். தொண்டைப் புற்று முற்றி, உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டு நள்ளிரவில் ஒருவர் வருவார். படுக்க வைத்தால் இருக்கிற மூச்சும் நின்றுவிடும். அப்போது புத்தகத்தைத் திருப்ப நேரமில்லை. அதனால் பி.ஜி.க்கள் கசாப்புக் கடையில் ஆட்டின் குரல்வளையையும் மூச்சுக்குழலையும் சேர்த்து வாங்கிவந்து, வளையங்களை விரலால் எண்ணி, வெட்டி, டியூப் போட்டுப் பழகுகிறார்கள். மூக்கு எண்டோஸ்கோப்பிக்கு முழு ஆட்டுத்தலை. "பாய், தலையைப் பிளக்காமக் குடுங்க" என்று கேட்டு வாங்கும் இந்த விநோத வாடிக்கையாளர்களை எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2021 மே மாதம் தமிழ்நாடு அரசு கருப்புப் பூஞ்சையை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. கொரோனாவிலிருந்து மீண்ட சர்க்கரை நோயாளிகள் கன்னம் மரத்து, மூக்கின் உட்புறம் கறுத்து, கண் வீங்கி வந்தார்கள். எங்கள் பி.ஜி.க்கள் பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி, செத்த திசுவை நாள் தவறாமல் அகற்றினார்கள். மூக்கின் மேல்கூரைக்கு அந்தப் பக்கம் மூளை, பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கண். அந்த ஆண்டு சைனஸ் அறுவையை அவர்கள் கற்றது மிகக் கொடிய நோயிடம். அதே நேரத்தில் அவசரமில்லாத காது அறுவைகள் நின்றுபோயின. எதிர்காலத்தில் காது பார்க்க வேண்டியவர்கள் காதே பார்க்காமல் படிப்பை முடித்துவிடும் நிலை. அந்தப் பள்ளத்தை நிரப்ப எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஓர் அறைதான்.

எலும்பு அறை

காதுக்குப் பின்னால் விரல் வைத்தால் ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் மாஸ்டாய்டு. உள்ளே தேனடை மாதிரி காற்றறைகள். சீழ் பிடித்த காதைச் சுத்தம் செய்யவும், பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தவும் இந்த எலும்பைத் துளையிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் கருவி பொருத்தப்படுகிறது. கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக் குழந்தையும் 'அம்மா' என்ற சொல்லைக் கேட்கிறது. அதற்கான வழி இந்த எலும்பு வழியாகத்தான் போகிறது.

அந்த வழி எவ்வளவு குறுகலானது என்று சொல்கிறேன். மேலே மூளையின் உறை. பின்னால் மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய சிரை. உள்ளே சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள். அவற்றைத் திறந்துவிட்டால் கேட்கும் திறனும் போய்த் தலைசுற்றலும் வரும். இவற்றுக்கு நடுவே எலும்புக் குழாய்க்குள் முகநரம்பு ஓடுகிறது. அது அறுந்தால் ஒரு பக்க முகம் தொங்கிவிடும், கண்ணை மூட முடியாது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த எலும்புக் குழாயில் சிறு இடைவெளி இருக்கும். நரம்பு மூடாமல் கிடக்கும். கடைசியில் அங்கவடி எலும்பு. 3 மி.மீ. அளவுதான், உடம்பிலேயே சிறிய எலும்பு அது.

குழந்தையின் காது பெரியவர் காதின் சிறு வடிவமும் அல்ல. மாஸ்டாய்டின் உள்ளறை பெரியவர்களுக்கு மேற்பரப்பிலிருந்து சுமார் 15 மி.மீ. ஆழத்தில் இருக்கும். பிறந்த குழந்தைக்கு 2 மி.மீ.தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வீதம் எலும்பு தடிக்கிறது. 2 வயதுக்கு முன் மாஸ்டாய்டின் நுனி வளர்ந்திருக்காது. முகநரம்பு தோலுக்கு மிக அருகிலேயே வெளியே வரும். பெரியவருக்குப் போடும் அதே கீறலைச் சிசுவுக்குப் போட்டால் நரம்பு போய்விடும். இதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். கை தெரிந்துகொள்ள வேறு வழி வேண்டும்.

1873இல் ஜெர்மனியில் ஹெர்மான் ஷ்வார்ட்சே இந்த எலும்பைத் திறக்கும் முறையை எழுதிவைத்தபோது கருவி உளியும் சுத்தியலும்தான். 1921இல் ஸ்டாக்ஹோமில் கார்ல் நைலேன் காது அறுவைக்கு மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அறுவை அரங்குக்குள் மைக்ராஸ்கோப் நுழைந்ததே காது வழியாகத்தான். அதன்பின் கண்ணால் பார்க்க முடிகிற நுணுக்கத்துக்குக் கையும் ஈடுகொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கான பயிற்சிக்கூடம்தான் டெம்போரல் எலும்பு, அதாவது காது எலும்பு, ஆய்வகம்.

எங்கள் அறையில் ஆடம்பரம் எதுவும் இல்லை. தியேட்டரில் ஓய்வுபெற்ற பழைய மைக்ராஸ்கோப், ஒரு டிரில், தண்ணீர் ஊற்ற ஒரு சலைன் பாட்டில், உறிஞ்சும் குழாய், எலும்பைப் பிடித்து நிறுத்த ஒரு கிண்ணம். ஃபார்மலின் நெடியும் எலும்புத் தூளின் வாசனையும் சேர்ந்து துணியிலேயே தங்கிவிடும். உடல் தானம் செய்தவர்களிடமிருந்து உடற்கூறியல் துறை வழியாக எங்களுக்கு வரும் எலும்புகள் அவை. டிரில்லை எடுப்பதற்கு முன் கைகூப்பி ஒரு நிமிடம் நிற்பது எங்கள் வழக்கம்.

இங்கே கற்றுக்கொடுப்பதில் பாதி, காதால் கற்பது. டிரில் தடித்த எலும்பில் ஓடும்போது ஒரு சத்தம். சிரைக்கு மேலோ மூளை உறைக்கு மேலோ எலும்பு மெலிந்ததும் சத்தம் மாறும். அந்த மாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. கேட்டுத்தான் பழக வேண்டும். நரம்பு ஓடும் திசைக்கு இணையாகவே டிரில்லை ஓட்டு, குறுக்கே ஓட்டாதே. தண்ணீர் நிற்காமல் ஓடட்டும், இல்லையென்றால் சூட்டிலேயே நரம்பு கெடும். நரம்பை நெருங்கும்போது வெட்டும் பர்ரை, அதாவது டிரில்லின் முனையை, மாற்றி வைர பர்ரைப் போடு. என் சீஃப் எங்களுக்குச் சொன்னதை நானும் சொல்கிறேன்: "நீ எதிர்பார்த்த இடத்துல எதிர்பார்த்தது வரலைன்னா, கையை நிறுத்து."

ஒரு பி.ஜி. தயாராகிவிட்டாரா என்பதை நான் கண்டுகொள்வதும் அந்த வாக்கியத்தை வைத்துத்தான். வேகமாகத் துளைக்கிறாரா, அழகாகத் துளைக்கிறாரா என்று பார்ப்பதில்லை. எங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பேன். சத்தம் மாறியதும் டிரில்லைத் தூக்கி, தண்ணீரால் கழுவி, அடையாளங்களை மறுபடி வரிசையாகச் சொல்லி, "மேடம், ஒரு தடவை பாருங்க" என்று நாற்காலியை நகர்த்துகிற பிள்ளையைத் தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார வைப்பேன். சீழ் வடியும் ஒரு காதில், மேற்பரப்பு எலும்பை மட்டும், என் கண் முன்னால் துளையிடக் கொடுப்பேன். லாக் புக்கில் 'உதவினேன்' என்பது 'மேற்பார்வையில் செய்தேன்' ஆவது அப்படித்தான். தனியாக எலும்பறையில் இருக்கும்போதும் நிறுத்தப் பழகிய கை, நோயாளியிடமும் நிறுத்தும்.

எலும்பு எங்கிருந்து வரும்?

இங்கேதான் எங்களுக்குத் தட்டுப்பாடு. ஓர் உடலில் இரண்டே காது எலும்புகள். எலும்பை ஒருமுறை துளைத்தால் முடிந்தது, திரும்பப் பயன்படாது. முப்பரிமாண அச்சில் செய்த செயற்கை எலும்புகள் இப்போது வருகின்றன, கணினியில் பழகும் சிமுலேட்டரும் உண்டு. வழியைப் பாடமாக்க அவை நல்லவை. ஆனால் மூளை உறைக்கு மேல் மெலிந்த நிஜ எலும்பின் சத்தமும், முகநரம்பின் உறையும், ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பும் மனித எலும்பில்தான் இருக்கின்றன. பழக எலும்பு இல்லாத இடத்தில், பழகும் இடமாக நோயாளியே ஆகிவிடுகிறார். அதை அனுமதிக்கக் கூடாது என்பதுதான் என் நிலை.

அதனால் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, கல்லூரிகளை நடத்துபவர்களுக்கு. முதுநிலை இ.என்.டி. இடம் வாங்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் பூட்டிக் கிடக்காத ஓர் எலும்பு அறை வேண்டும். அதற்கு வாரத்தில் ஒதுக்கிய மணிநேரம் வேண்டும், அந்த நேரத்தில் பி.ஜி.யை ஓ.பி.க்கு இழுக்காத ஒழுங்கும் வேண்டும். புதிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு மேசை, ஒரு டிரில், ஒரு பழைய மைக்ராஸ்கோப், பக்கத்தில் உட்காரும் ஓர் ஆசிரியர் போதும்.

இரண்டாவது உங்களுக்கு. உடல் தானம் பற்றி வீட்டில் பேசுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் அதற்கான படிவம் கிடைக்கும். கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றாலும், நீங்கள் போனபின் துறைக்குத் தகவல் சொல்லப் போகிறவர்கள் உங்கள் பிள்ளைகள்தாம். அவர்கள் சம்மதிக்காவிட்டால் படிவம் காகிதமாகவே இருந்துவிடும். கண் தானமும் செய்யலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துக்கொண்டபின் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்க முடியும். போலீஸ் வழக்காகிப் பிரேதப் பரிசோதனை செய்த உடலையும், சில தொற்றுநோய்கள் இருந்த உடலையும் ஏற்க இயலாது. சடங்குகளைச் செய்து முடித்துவிட்டே பல குடும்பங்கள் உடலைக் கொண்டுவந்து ஒப்படைக்கின்றன. கல்லூரிகள் பொதுவாக அதைத் தடுப்பதில்லை. சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தரப்பட்டது. ஜோதி பாசுவின் உடல் 2010இல் கொல்கத்தாவில் தரப்பட்டது. பெயர் தெரியாத ஆசிரியர்களும் விவசாயிகளும் இல்லத்தரசிகளும் நம் ஊர்க் கல்லூரிகளுக்குத் தந்திருக்கிறார்கள்.

என் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போட்ட என் மகனிடம், இரண்டு காது எலும்புகளும் எங்கள் துறைக்கே போக வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்று முதல் ஆண்டு பி.ஜி.க்கு, இன்னொன்று இறுதி ஆண்டு பி.ஜி.க்கு. அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்க்க அப்போது வேறோர் ஆசிரியர் பக்கத்தில் இருப்பார்.